மின்வெளி அரண்

நுழையும்முன்

மன்னர் காலத்தில் நாட்டின் செல்வம் கோட்டைக்குள் காக்கப்பட்டது. இன்று அச்செல்வத்தின் பெரும்பகுதி கணினி வழங்கிகளுக்குள் தகவலாக உறைந்திருக்கிறது. பிறப்புப் பதிவு, நில உரிமை, மருத்துவக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல், ஓய்வூதியக் கணக்கு எனத் தம் வாழ்வின் குறிப்புகள் அனைத்தையும் மக்கள் அரசை நம்பி ஒப்படைத்திருக்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கருவூலத்திற்கு அரண் எது? அதைக் கட்டுவோர் யார்? அரண் உடைந்தால் அரசு செய்ய வேண்டியது யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

அடைக்கலப் பொருள்

ஒரு குழந்தை பிறந்தவுடன் அதன் பெயர் அரசின் பதிவேட்டில் ஏறுகிறது. பள்ளிச் சேர்க்கை, குடும்ப அட்டை, ஆதார் எண், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பட்டா, வருமான வரி என அப்பதிவுகள் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன. முன்பு இவை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தடித்த பதிவேடுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திருட வேண்டுமெனில் ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்தாக வேண்டும். ஒரே இரவில் இலட்சம் பேரின் பதிவுகளைச் சுமந்து செல்லவும் இயலாது. இன்று அதே பதிவுகள் மின்வடிவில் இருப்பதால், சான்றிதழ் பெற நாள்கணக்கில் அலைந்த நிலை மாறி, இ-சேவை மையத்தில் அன்றே விண்ணப்பிக்க முடிகிறது. அதே வேளையில், கடல் கடந்து அமர்ந்திருக்கும் ஒருவர் ஓர் அறைக்குள்ளும் நுழையாமலேயே அப்பதிவுகளை எட்டும் வாய்ப்பும் உருவாகியிருக்கிறது. எளிமையும் இடரும் ஒரே வாயில் வழியாக வந்திருக்கின்றன.

தனியார் நிறுவனத்திடம் நாம் தரும் தகவலுக்கும் அரசிடம் தரும் தகவலுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு கடையின் செயலி பாதுகாப்பற்றது என அறிந்தால் வேறு கடைக்குச் செல்லலாம். ஒரு வங்கியின் மீது நம்பிக்கை குறைந்தால் மற்றொரு வங்கியில் கணக்குத் தொடங்கலாம். பிறப்பைப் பதியவும் நிலத்தை எழுதவும் வேறோர் அரசைத் தேடிச் செல்ல இயலாது. சட்டம் கேட்பதால் குடிமக்கள் தகவலைத் தருகின்றனர். ஆகவே அத்தகவல் அரசுக்கு உரிய சொத்து ஆகாது. அது அரசிடம் மக்கள் வைத்த அடைக்கலப் பொருள். அடைக்கலம் ஏற்றவர் அதனைத் தம் பொருளினும் மேலாகக் காக்க வேண்டும் என்பது தமிழ் மரபு போற்றும் அறம். இணையப் பாதுகாப்பில் அரசுக்குரிய பொறுப்புகள் யாவும் இந்த அறத்திலிருந்தே பிறக்கின்றன.

தாக்கும் வழிகள் மூன்று

திருக்குறளின் பொருட்பாலில் 'அரண்' என்னும் அதிகாரம் உள்ளது. அதில் ஒரு கோட்டையைப் பகைவர் கைப்பற்ற முயலும் வழிகளை வள்ளுவர் மூன்றாக வகுத்துரைக்கிறார். சுற்றி வளைத்து முற்றுகையிடுதல், முற்றுகையிடாமல் பாய்ந்து தாக்குதல், உள்ளிருப்போரை வஞ்சகத்தால் வயப்படுத்துதல் என்பன அவை. கணினிகளின் மீது இன்று நிகழும் தாக்குதல்களையும் இம்மூன்றனுள் அடக்கிக் காட்டலாம்.

முதலாவது முற்றுகை. ஓர் இணையதளம் ஒரு நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் விடையளிக்க முடியும் என்னும் அளவு உண்டு. உலகின் பல மூலைகளிலும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளை அவற்றின் உரிமையாளர்கள் அறியாமலேயே வயப்படுத்தி, அவை அனைத்தையும் ஒரே நேரத்தில் அத்தளத்தைத் தட்டச் செய்தால், உண்மையான பயனாளர் உள்ளே வர வழியின்றித் தவிப்பார். இதனைச் சேவை மறுப்புத் தாக்குதல் என்பர். இதில் எதுவும் திருடப்படுவதில்லை. ஆயினும் கோட்டை வாயில் அடைபட்டுப் போகிறது.

இரண்டாவது பாய்ந்து தாக்குதல். மென்பொருளில் உள்ள சிறு ஓட்டை வழியாகத் தீநிரல் உள்ளே நுழைகிறது. அவ்வாறு நுழைவனவற்றுள் கொடியது பணயத் தீநிரல். அது கோப்புகளைக் குறியாக்கம் செய்து எவரும் படிக்க முடியாதவாறு பூட்டிவிட்டு, திறக்கும் திறவுகோலுக்குப் பணம் கேட்கும்.

மூன்றாவது வஞ்சகம். மேலதிகாரி அனுப்பியது போன்ற பொய் மின்னஞ்சல், வங்கியிலிருந்து பேசுவது போன்ற பொய்யழைப்பு ஆகியவற்றால் ஊழியரை ஏமாற்றிக் கடவுச்சொல்லைப் பெறுவது இவ்வகை. இங்கே மதிலை எவரும் உடைப்பதில்லை. உள்ளிருப்பவரே, தாம் செய்வது இன்னதென அறியாமல், கதவைத் திறந்து விடுகிறார்.

ஒரு நாடு முற்றுகையிடப்பட்டது

வடக்கு ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம் அமைந்த சிறுநாடு எஸ்டோனியா. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலட்சம். சோவியத் ஒன்றியத்திலிருந்து 1991ஆம் ஆண்டு விடுதலை மீட்ட அந்நாடு, அரசு நிருவாகத்தைக் கணினி வழியாகவே வளர்த்தெடுக்க முடிவுசெய்தது. 2005ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதும் இணையவழி வாக்களிப்பை அறிமுகப்படுத்தியது. வங்கிச் சேவையும் வரி செலுத்துதலும் இணையத்திற்கு மாறின.

2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், தலைநகர் டாலினின் நடுவே இருந்த சோவியத் காலப் போர்வீரர் சிலையை இராணுவக் கல்லறைக்கு இடம் மாற்ற அரசு முனைந்தது. அங்கு வாழும் ரஷ்ய மொழியினரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. தெருக்களில் கலவரம் மூண்ட அதே நாள்களில், அரசு இணையதளங்களின் மீது மின்வெளித் தாக்குதல் தொடங்கியது. அமைச்சகங்கள், நாடாளுமன்றம், செய்தித்தாள்கள், வங்கிகள் எனத் தாக்குதல் விரிந்தது. தலைமை அமைச்சர் மன்னிப்புக் கேட்பது போன்ற பொய்க்கடிதம் ஒன்று அவருடைய கட்சியின் இணையதளத்தில் பதிக்கப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய வங்கி தன் இணையச் சேவையைச் சிறிது நேரம் நிறுத்த நேர்ந்தது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அலையலையாகத் தாக்குதல் நீடித்தது.

அதற்கு முந்திய ஆண்டில்தான் எஸ்டோனியா, கணினி அவசரநிலைகளை எதிர்கொள்ளும் குழு ஒன்றை அமைத்திருந்தது. அக்குழுவினர் வங்கிகளின் வல்லுநர்களோடும் இணையச் சேவை நிறுவனங்களோடும் பிறநாட்டு வல்லுநர்களோடும் கைகோத்துப் பணியாற்றினர். வெளிநாடுகளிலிருந்து வெள்ளமெனப் பாய்ந்த போக்குவரத்தை வடிகட்டினர். தேவையானபோது முற்றிலும் தடுத்தனர். இதனால் உள்நாட்டு மக்களுக்குச் சேவை கிடைத்தது. ஆனால் அந்நாட்டில் நடப்பதை அதன் செய்தித்தளங்கள் வழியே அறிய வெளியுலகத்தால் முடியாமற் போயிற்று. கோட்டையைக் காக்க வாயிலை அடைத்தால், உள்ளிருப்போரின் குரலும் வெளியே கேட்பதில்லை.

தாக்கியவர் யாவர் என்பதை உறுதியாக மெய்ப்பிப்பது அரிதாயிற்று. எஸ்டோனியாவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் மட்டுமே குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு அபராதம் செலுத்தினார். தரைப்போரில் பகைவனின் கொடி தெரியும். மின்வெளியிலோ முகமூடி அணிந்தவனின் முகம் தெரிவதில்லை. ஆகவே தாக்கியவனைத் தேடிப்பிடிப்பதைக் காட்டிலும், தாக்குதலைத் தாங்கும் வலிமையை முன்னரே உருவாக்குவதே அரசின் முதற்கடமை என்பதை அந்நிகழ்வு உலகிற்கு உணர்த்தியது. 2008ஆம் ஆண்டு எஸ்டோனியா தன் தேசிய இணையப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்தது. அதே ஆண்டில் நேட்டோ அமைப்பின் இணையப் பாதுகாப்புக் கூட்டுறவு மையம் டாலினில் நிறுவப்பட்டது.

தெரியுமா?
இணையவழி வாக்களிப்பை நாடாளுமன்றத் தேர்தலில் உலகிலேயே முதன்முதலாகப் பயன்படுத்திய நாடு எஸ்டோனியா. அத்தேர்தல் 2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடைபெற்றது. அடுத்த மாதமே அந்நாடு மின்வெளித் தாக்குதலுக்கு உள்ளானது.

அரணின் இலக்கணம்: சிறுகாவல்

நல்ல அரண் எத்தகையது என்பதையும் வள்ளுவர் கூறியுள்ளார். காவல் செய்ய வேண்டிய இடம் சிறிதாகவும், உள்ளே வாழும் இடம் பெரிதாகவும் இருத்தல் அரணின் இலக்கணங்களுள் ஒன்று. வாயில்கள் மிகுந்தால் காவலும் சிதறும் என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது.

எஸ்டோனியா 2001ஆம் ஆண்டு முதல் 'எக்ஸ்-ரோடு' என்னும் தகவல் பரிமாற்ற அமைப்பைப் பயன்படுத்தி வருகிறது. எல்லாத் துறைகளின் தகவலையும் ஒரே களஞ்சியத்தில் குவிக்காமல், அந்தந்தத் துறை தன் தகவலைத் தானே வைத்திருக்கிறது. ஒரு துறைக்கு மற்றொரு துறையின் தகவல் தேவைப்பட்டால், குறியாக்கம் செய்யப்பட்ட பாதை வழியாகக் கேட்டுப் பெறுகிறது. ஒவ்வொரு கேள்வியும் பதிவாகிறது. ஓரிடத்தில் மதில் உடைந்தாலும் எல்லா அறைகளும் திறந்துகொள்வதில்லை.

இவ்விலக்கணம் தவறினால் விளைவது யாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், புதுதில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணினிகள் முடங்கின. நோயாளிகளின் பதிவு, ஆய்வக முடிவுகள், கட்டணம் ஆகியவற்றைக் கையால் எழுதும் நிலை ஏற்பட்டது. இயல்பு நிலை திரும்ப இரு வாரங்கள் ஆயின. தொலைவிலிருந்து வந்து நெடுநேரம் வரிசையில் நின்ற நோயாளிகளுக்கு அது வெறும் கணினிப் பழுதாகத் தோன்றியிராது. ஐந்து வழங்கிகள் பாதிக்கப்பட்டன என்றும், கணினி வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமல் இருந்தது இதற்குக் காரணம் என்றும் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அறைகளுக்கு இடையே சுவர் எழுப்பப்படாத வீட்டில் ஓர் அறைக்குள் நுழைந்த கள்வன் வீடு முழுவதும் உலவுவான் என்பதே அதன் பொருள்.

அரணின் இலக்கணம்: சேமித்த உணவு

முற்றுகைக் காலத்தில் உள்ளிருப்போர் உண்பதற்குரிய உணவு நிரம்பியிருத்தலும், அவர்கள் நிலைத்துப் போரிட எளிதாக இருத்தலும் அரணுக்குரிய மற்றோர் இலக்கணம். கணினி உலகில் அந்த உணவு காப்புநகல் ஆகும். மூல வழங்கியோடு தொடர்பில்லாத வேறோர் இடத்தில் தகவலின் படியைச் சேமித்து வைப்பதே காப்புநகல். மூலமும் நகலும் ஒரே வலையமைப்பில் இருந்தால் தீநிரல் இரண்டையும் ஒருசேரப் பூட்டிவிடும்.

புதுதில்லி மருத்துவமனையின் தகவல்கள், தாக்குதலுக்கு உள்ளாகாத காப்பு வழங்கியிலிருந்தே மீட்கப்பட்டன. கோட்டையின் ஒரு பகுதி வீழ்ந்தபோதும் களஞ்சியம் தப்பியதால் வாழ்வு மீண்டது.

எஸ்டோனியா இதில் மேலும் ஒருபடி முன்சென்றது. தன் நிலப்பரப்பு முழுவதும் இடருக்கு உள்ளானாலும் அரசின் பதிவுகள் அழியலாகாது எனக் கருதி, 2017ஆம் ஆண்டு லக்சம்பர்க் நாட்டோடு உடன்படிக்கை செய்தது. அதன்படி அங்குள்ள தகவல் மையத்தில் முதன்மையான பதிவுகளின் படிகள் வைக்கப்பட்டுள்ளன. தூதரகத்திற்கு உரிய காப்புரிமை அவற்றுக்கும் உண்டு. இதனைத் தரவுத் தூதரகம் என அழைக்கின்றனர்.

அரணின் இலக்கணம்: செயல்திறம் உடையோர்

எத்துணைச் சிறப்புடைய அரணாயினும், அதனுள் செயல்திறம் உடையோர் இல்லையேல் அஃது அரண் ஆகாது என்னும் கருத்தோடு வள்ளுவர் அவ்வதிகாரத்தை நிறைவு செய்கிறார். அதனினும் பொருத்தமான பாடம் இணையப் பாதுகாப்புக்கு இல்லை.

2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் பணயத் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையில் இருந்த 236 மருத்துவமனைக் குழுமங்களுள் 80 பாதிக்கப்பட்டன. மருத்துவரைக் காண வேண்டிய ஆயிரக்கணக்கானோரின் முன்பதிவுகள் கைவிடப்பட்டன. சில மருத்துவமனைகள் அவசர ஊர்திகளை வேறிடங்களுக்குத் திருப்பி அனுப்பின. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச்சு 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கையில் இருந்தன. அத்திருத்தத்தைக் கணினிகளில் நிறுவும் எளிய பணி பல இடங்களில் நிறைவேறவில்லை.

ஏரிக்கரையில் தோன்றும் எலி வளையைக் கோடையிலேயே அடைப்பது நம் ஊரார் வழக்கம். மழை வந்தபின் மண்வெட்டி தேடினால் ஊர் நீரில் மூழ்கும். மென்பொருள் திருத்தமும் அத்தகைய கோடைக்காலப் பணியே. அது விழா எடுத்துக் கொண்டாடப்படுவதில்லை. செய்து முடித்தவரை யாரும் பாராட்டுவதுமில்லை. புதிய இணையதளம் தொடங்கும் நாளுக்குக் கிடைக்கும் நிதியும் கவனமும் அதனைப் பேணும் நாள்களுக்கும் கிடைக்க வேண்டும். பேணுவோரைப் பணியமர்த்தி, பயிற்றுவித்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்வதே அரசின் செயல்திறத்தை அளக்கும் அளவுகோல்.

இந்தியாவின் கட்டமைப்பு

நம் நாட்டின் இணையப் பாதுகாப்புக்கு அடித்தளம் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். மின்பதிவுக்கும் மின்கையொப்பத்திற்கும் சட்ட ஏற்பு வழங்கிய இச்சட்டம், கணினிக் குற்றங்களுக்குத் தண்டனையையும் வரையறுத்தது. செயலிழந்தால் நாட்டின் பாதுகாப்பையும் பொருளாதாரத்தையும் மக்கள் நலத்தையும் நலிவுறச் செய்யும் கணினி அமைப்புகளைப் பாதுகாக்கப்பட்ட அமைப்புகள் என அரசு அறிவிக்கலாம். அவற்றுள் அத்துமீறி நுழைவோருக்குப் பத்தாண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு.

இச்சட்டத்தின்கீழ் இரு முதன்மையான அமைப்புகள் இயங்குகின்றன. 2004ஆம் ஆண்டு முதல் செயல்படும் இந்தியக் கணினி அவசரநிலை உதவிக் குழு அவற்றுள் ஒன்று. 'செர்ட்-இன்' என அழைக்கப்படும் இக்குழு, புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளைப் பற்றி எச்சரிக்கிறது. தாக்குதல் நேர்ந்தால் மீட்சிக்கு வழிகாட்டுகிறது. குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டுமென அது 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆணையிட்டது. ஓரிடத்தில் மூண்ட தீயை உடனே அறிந்தால்தான் அடுத்த தெருவைக் காக்க இயலும். 2014ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேசிய முக்கியத் தகவல் உட்கட்டமைப்புப் பாதுகாப்பு மையம் மற்றொன்று. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து போன்ற துறைகளின் முதன்மையான கணினி அமைப்புகளைக் காப்பது இதன் பணி.

மாநிலங்களும் தமக்கெனத் திட்டங்களை வகுத்து வருகின்றன. தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. குடும்ப அட்டையும் பட்டாவும் மாநில அரசின் பொறுப்பில் இருப்பதால், மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் தகவல்களைக் காக்கும் கடமை மாநிலத்திற்கே மிகுதி.

தெரியுமா?
இணையவழிப் பண மோசடிக்கு உள்ளானவர்கள் உடனடியாக 1930 என்னும் உதவி எண்ணை அழைத்துப் புகார் அளிக்கலாம். விரைந்து தெரிவித்தால், இழந்த பணம் பிறர் கைக்கு மாறுமுன் அதனை முடக்கும் வாய்ப்பு மிகுதி.

உண்மையை உரைத்தல்

எவ்வளவு காத்தாலும் ஒருநாள் மதிலில் விரிசல் காணப்படலாம். அப்போது அதனை மறைப்பதா, மக்களிடம் சொல்வதா என்னும் வினா அரசின் முன் எழுகிறது. மறைத்தால் அரசின் பெயர் சிறிது காலம் காக்கப்படும். ஆனால் தம் தகவல் களவு போனதை அறியாத மக்கள், கடவுச்சொல்லை மாற்றவோ வங்கிக் கணக்கைக் கவனிக்கவோ முடியாமல் மேலும் இழப்புக்கு உள்ளாவர்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், எஸ்டோனியாவின் அடையாள அட்டைகளில் உள்ள மின்சில்லில் பாதுகாப்புக் குறை இருப்பதாகப் பன்னாட்டு ஆய்வாளர்கள் அந்நாட்டு அரசுக்குத் தெரிவித்தனர். ஏறத்தாழ ஏழரை இலட்சம் அட்டைகளில் அக்குறை இருந்தது. மக்கள்தொகையில் அது பாதிக்கும் மேல். அவ்வாண்டு அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் இணையவழி வாக்களிப்போடு நடைபெறவிருந்தது. அமைதியாக இருந்துவிடலாம் என்னும் எண்ணம் எளிதில் தோன்றக்கூடிய தருணம் அது. ஆயினும் தகவல் கிடைத்த ஒரு வாரத்திற்குள், செப்டம்பர் 5ஆம் நாள், அரசு அக்குறையை வெளிப்படையாக அறிவித்தது. திருத்தத்தை ஆயத்தம் செய்து, குறையுடைய சான்றுகளை நவம்பரில் இடைநிறுத்தி, அட்டைகளைப் புதுப்பிக்க வழிசெய்தது. மக்கள் வரிசையில் நின்றனர். இணையத்தின் வழியும் புதுப்பித்துக் கொண்டனர். குறையைச் சொன்ன அரசை அவர்கள் கைவிடவில்லை.

அடைக்கலம் ஏற்றவர் பொருளுக்கு ஊறு நேர்ந்தால் உரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும். நம்பிக்கையை இழப்பதற்கு ஊறு மட்டும் காரணம் ஆகாது. ஊற்றை ஒளித்த செயலே பெருங்காரணம் ஆகும்.

காவலுக்கும் எல்லை உண்டு

காவலர் கோட்டை வாயிலில் நிற்கலாம். குடிமக்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாகாது. பாதுகாப்பு என்னும் பெயரால் எல்லாத் தகவலையும் திரட்டுவதும், எல்லாரையும் கண்காணிப்பதும் அரசுக்கு எளிதாகத் தோன்றலாம். அங்கேதான் சட்டத்தின் கை குறுக்கே நீள வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் அரசு தலையிட வேண்டுமெனில், அதற்குச் சட்டம் இருக்க வேண்டும். முறையான நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்தின் அளவைத் தலையீடு விஞ்சாமல் இருக்க வேண்டும். இதனைத் தொடர்ந்து 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தகவலைத் திரட்டுவோர் உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்றும், தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. குறிப்பிட்ட சில நோக்கங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அதில் இடம் உண்டு. அவ்விலக்கு எந்த அளவுக்குச் செல்லலாம் என்பது சட்ட அறிஞர்களும் குடிமக்களும் தொடர்ந்து எழுப்பும் வினா. காவலரைக் காப்பவர் யார் என்று கேட்பது மக்களாட்சியில் குடிமக்களின் உரிமை, கடமையும்கூட.

எஸ்டோனியாவில் ஒரு குடிமகன் தன் தகவலை எந்த அலுவலகம், எப்போது பார்த்தது என்பதைப் பல பதிவேடுகளில் தானே இணையத்தில் காணலாம். உரிய காரணமின்றிப் பார்த்த அலுவலர் விடை கூற வேண்டும். இத்தகைய வெளிப்படைத் தன்மை, காவலையும் உரிமையையும் ஒருங்கே நிறுத்தும் துலாக்கோலாகத் திகழ்கிறது.

தேவையற்ற தகவலைத் திரட்டாமல் இருப்பதும் பாதுகாப்பின் ஒரு கூறே. இல்லாத பொருளை எந்தக் கள்வனாலும் திருட இயலாது. ஒரு விண்ணப்பத்தில் கேட்கப்படும் ஒவ்வொரு விவரத்தையும், 'இது எதற்கு?' என்னும் வினாவுக்கு உட்படுத்தினால், காக்க வேண்டிய இடம் சுருங்கும், காவல் வலுப்பெறும்.

குடிமக்களும் அரணே

அரசு எழுப்பும் மதிலுக்குக் குடிமக்களின் விழிப்பு துணையாக வேண்டும். கடவுச்சொல்லைப் பிறரிடம் பகிராதிருத்தல், ஒருமுறைக் கடவு எண்ணை யார் கேட்டாலும் கூறாதிருத்தல், அறியா இணைப்புகளைத் திறவாதிருத்தல், கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பித்தல் ஆகியன நாம் காக்க வேண்டிய சிறு வாயில்கள். வீட்டில் உள்ள முதியோருக்கு இவற்றை எடுத்துரைப்பது இளையோரின் பொறுப்பு. எனினும், அரசின் வழங்கியில் உள்ள ஓட்டையைக் குடிமகனின் எச்சரிக்கை அடைத்துவிடாது. அவரவர் வாயிலை அவரவரே காத்தல் வேண்டும்.

நாளை இவ்வகுப்பிலிருந்து செல்வோருள் சிலர் மென்பொருள் எழுதுவர். சிலர் அரசு அலுவலகத்தில் மக்களின் விண்ணப்பங்களைப் பதிவு செய்வர். சிலர் சட்டம் இயற்றுவர். திரையில் தெரியும் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு குடும்பத்தின் நிலமும், ஒரு நோயாளியின் மருந்தும், ஒரு மூதாட்டியின் மாத ஓய்வூதியமும் இருப்பதை அவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். அந்நினைவோடு பணியாற்றுவோர் உள்ளிருந்தால், மின்வெளியிலும் அரண் நிலைபெறும்.

கலைச்சொல் தெளிவோம்

வழங்கி – பிற கணினிகளுக்குத் தகவலையும் சேவையையும் அளிக்கும் கணினி
தீநிரல் – கணினிக்கு ஊறு செய்ய எழுதப்பட்ட நிரல்
குறியாக்கம் – உரியவர் அன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு தகவலை மாற்றுதல்
காப்புநகல் – இழப்பு நேர்ந்தால் மீட்பதற்காகத் தனியே சேமிக்கப்படும் படி

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் உள்ள இ-சேவை மையத்தில் கிடைக்கும் சேவைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் கேட்கப்படும் விவரங்களுள் இன்றியமையாதவை எவை என வகுப்பில் கலந்துரையாடுக.
2. 'தகவல் திருட்டு நேர்ந்தால் அரசு உடனே அறிவிக்க வேண்டுமா? குறையைச் சரிசெய்த பின் அறிவிக்க வேண்டுமா?' என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.
3. முதியோருக்கு இணைய மோசடி குறித்து விழிப்புணர்வூட்டும் துண்டறிக்கை ஒன்றை எளிய தமிழில் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சேவை மறுப்புத் தாக்குதலுக்கு ஒப்பாகக் கூறப்படுவது
அ) வஞ்சகம் ஆ) முற்றுகை இ) பாய்ந்து தாக்குதல் ஈ) சேமித்த உணவு

2. எஸ்டோனியாவின் தரவுத் தூதரகம் அமைந்துள்ள நாடு
அ) இங்கிலாந்து ஆ) ரஷ்யா இ) லக்சம்பர்க் ஈ) இந்தியா

3. பொருத்துக.
க) 2000 – 1) தேசிய முக்கியத் தகவல் உட்கட்டமைப்புப் பாதுகாப்பு மையம்
ங) 2004 – 2) மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்
ச) 2014 – 3) தகவல் தொழில்நுட்பச் சட்டம்
ஞ) 2023 – 4) செர்ட்-இன்
அ) 3, 4, 1, 2 ஆ) 4, 3, 2, 1 இ) 3, 1, 4, 2 ஈ) 1, 2, 3, 4

குறுவினா

1. பணயத் தீநிரல் என்பது யாது?
2. காப்புநகலை மூல வழங்கியோடு தொடர்பின்றி வைக்க வேண்டுவது ஏன்?
3. அந்தரங்க உரிமையில் அரசு தலையிட நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் யாவை?

சிறுவினா

1. தனியாரிடம் தரும் தகவலுக்கும் அரசிடம் தரும் தகவலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. 'காவல் செய்யும் இடம் சிறிதாக வேண்டும்' என்னும் கருத்து இணையப் பாதுகாப்புக்குப் பொருந்துமாற்றை எழுதுக.
3. 2017ஆம் ஆண்டு அடையாள அட்டைக் குறையை எஸ்டோனியா அரசு எதிர்கொண்ட முறையை மதிப்பிடுக.

நெடுவினா

1. வள்ளுவர் கூறும் அரணின் இலக்கணங்களை இன்றைய மின்வெளிப் பாதுகாப்போடு ஒப்பிட்டுக் கட்டுரைக்க.
2. 'மக்களின் தகவல் அரசிடம் உள்ள அடைக்கலப் பொருள்' – இக்கூற்றின்வழி அரசின் கடமைகளையும் அவற்றின் எல்லைகளையும் தொகுத்து எழுதுக.